ஆறு நிமிட வீடியோ, ஒரே ஒரு பட்டை: நிறம் மாறுவதைப் பார்க்க ஒரு சின்ன ஸ்கிரிப்ட்

செட்டிநாட்டு ஆத்தங்குடியில் பூக்கல், அதாவது தரையில் பதிக்கும் வண்ணக் கல், செய்வதை நேரில் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த வேலையில் நிறம் வரும், மறையும், மறுபடி வரும். முதலில் ஒரு கண்ணாடித் துண்டு. அதன்மேல் ஒரு சட்டம். சட்டத்துக்குள் பூவோ கட்டமோ உள்ள உலோக அச்சு. அச்சின் ஒவ்வொரு அறையிலும் சிமெண்டில் கரைத்த வண்ணத்தை ஊற்றுகிறார்கள்: சிவப்பு, மஞ்சள், பச்சை, கறுப்பு. அச்சை மெல்லத் தூக்கியதும் பூ கண்ணாடிமேல் நிற்கும். அதை ரசிக்க நேரம் கிடைக்காது. உடனே அதன்மேல் சிமெண்டும் மணலும் கலந்த தூளைத் தூவி, கலவையைப் போட்டு மட்டம் பார்த்துவிடுகிறார்கள். பூ போயிற்று, வெறும் சாம்பல் நிறம்தான் மிச்சம். காய்ந்து, தண்ணீரில் ஊறி, கண்ணாடி பிரிந்த பிறகுதான் அந்தப் பூவை மறுபடி பார்க்கலாம், கண்ணாடி கொடுத்த வழவழப்போடு.

இந்த வேலையை ஒருவர் மேலிருந்து படம்பிடித்து, வெட்டி ஒட்டி, ஆறு நிமிட வீடியோவாக வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதை ஓட்டிப் பார்க்காமலே நிறம் எந்த இடத்தில் வந்தது, எங்கே மறைந்தது, எவ்வளவு நேரம் சாம்பலாகவே கிடந்தது என்று ஒரே பார்வையில் சொல்ல முடியுமா? முடியும். வீடியோவின் நிறங்களை இடமிருந்து வலமாக ஒரு பட்டையாக விரித்துப்போட்டால் போதும். மூவி பார்கோடு என்று தேடினால் இந்த மாதிரிப் பட்டைகள் ஏராளமாகக் கிடைக்கும். இந்தக் கட்டுரையில் வண்ணப் பட்டை என்றே சொல்கிறேன்.

யோசனை மிக எளியது. வீடியோவிலிருந்து சீரான இடைவெளியில் படங்களை எடுக்க வேண்டும். ஒவ்வொரு படத்தையும் ஒரே ஒரு நிறமாகச் சுருக்க வேண்டும். அந்த நிறத்தில் ஒரு மெல்லிய செங்குத்துக் கோடு. அடுத்த படத்தின் கோடு அதற்கு வலப்பக்கம். கண்டாங்கிச் சேலை நெய்யும்போது தறியில் விழுகிற ஒற்றை ஊடை இழையைப் பார்த்தால் ஒன்றும் புரியாது, நாலு முழம் நெய்த பிறகுதான் கட்டம் கண்ணுக்குத் தெரியும். இந்தக் கோடுகளும் அப்படித்தான். தனியாக ஒன்றுக்கும் உதவாது, ஆயிரம் கோடு சேர்ந்தால் வீடியோ எங்கே திரும்பியது என்று காட்டிவிடும்.

இது புது யோசனையும் இல்லை. பிரெண்டன் டாஸ் என்ற வடிவமைப்பாளர் 2004இல் சினிமா ரிடக்ஸ் என்ற பெயரில் திரைப்படங்களை விநாடிக்கு ஒரு குட்டிப் படமாக எடுத்து, வரிசைக்கு அறுபது வீதம், அதாவது ஒரு வரிசைக்கு ஒரு நிமிடம் என்று அடுக்கிக் காட்டினார். படங்களே இல்லாமல் வெறும் எண்களையும் இப்படிப் பட்டையாக்கலாம். ரெடிங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட் ஹாக்கின்ஸ் 2018இல் பரப்பிய காலநிலைப் பட்டைகளில் ஒவ்வொரு கோடும் ஓர் ஆண்டின் சராசரி வெப்பநிலை, நீலத்திலிருந்து சிவப்புக்கு. நாம் செய்யப்போவதில் ஒவ்வொரு கோடும் ஒரு நொடியோ அதற்கும் குறைவோ.

கம்ப்யூட்டர் கண்ணுக்கு வீடியோ

வீடியோ என்பது வேகமாக மாறும் நிழற்படங்கள். சினிமா என்றால் விநாடிக்கு 24, நம் ஊர்க் கல்யாண வீடியோ கேமராக்களில் பெரும்பாலும் 25, போனில் பொதுவாக 30. ஆறு நிமிடப் பூக்கல் வீடியோவைப் போனில் எடுத்திருந்தால் 10,800 படங்கள் இருக்கும். பட்டைக்கு 1,200 கோடுகள் தாராளம். ஆகவே ஒன்பது படத்துக்கு ஒன்று எடுத்தால் சரியாக வரும்.

ஒவ்வொரு படமும் புள்ளிகளால் ஆனது. பிக்சல் என்கிறோமே, அதுதான். ஃபுல் ஹெச்டி என்றால் அகலத்தில் 1,920, உயரத்தில் 1,080, மொத்தம் 20,73,600 பிக்சல். ஒவ்வொரு பிக்சலுக்கும் மூன்று எண்கள்: சிவப்பு எவ்வளவு, பச்சை எவ்வளவு, நீலம் எவ்வளவு. ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. மூன்றும் 0 என்றால் கறுப்பு, மூன்றும் 255 என்றால் வெள்ளை, மூன்றும் சமமாக நடுவில் இருந்தால் சாம்பல். இப்படி 256 × 256 × 256, அதாவது 1,67,77,216 நிறங்களைச் சொல்லலாம். ஒரு படத்தைத் திறந்தால் ஸ்கிரிப்டுக்கு, அதாவது நாம் எழுதப்போகும் சின்ன நிரலுக்கு, கிடைப்பது பூவும் இல்லை, கல்லும் இல்லை. அறுபத்திரண்டு லட்சத்துச் சொச்சம் எண்கள் கொண்ட ஒரு அட்டவணை.

அதை ஒரே நிறமாகச் சுருக்க மிக எளிய வழி சராசரி. எல்லாப் பிக்சலின் சிவப்பையும் கூட்டிப் பிக்சல் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். பச்சைக்கும் நீலத்துக்கும் அதே கணக்கு. கிடைக்கும் மூன்று எண்களும் சேர்ந்து ஒரு நிறம்.

இதைச் செய்ய பைத்தான் மொழி வசதியானது. வீடியோவைத் திறந்து படம் படமாக எடுத்துக் கொடுக்க ஓப்பன்சிவி, எண் அட்டவணைகளைக் கையாள நம்பை என்று இரண்டு இலவசத் துணைத் தொகுப்புகள் போதும். கீழே இருப்பது பைத்தான் இல்லை, பைத்தானில் எழுத வேண்டியதை நம் மொழியில் எழுதியது. ஒவ்வொரு வரியும் பைத்தானில் ஒன்றிரண்டு வரிகளாகும், அதற்கு மேல் போகாது.

வீடியோவைத் திற
மொத்தம் எத்தனை படம் என்று கேள், அதை 1200ஆல் வகு, வருவது இடைவெளி
கோடுகள் என்று ஒரு வெற்றுப் பட்டியல் வை
எண் 0 என்று தொடங்கு
படம் வரும்வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்:
அடுத்த படத்தை எடு
எண் இடைவெளியால் மீதியின்றி வகுபட்டால், படத்தின் சராசரி நிறத்தைக் கணக்கிட்டுக் கோடுகளில் சேர்
எண்ணில் ஒன்று கூட்டு
கோடுகளை இடமிருந்து வலமாக அடுக்கி, உயரத்தை 200 பிக்சலாக நீட்டு
படக் கோப்பாகச் சேமி

முழு ஸ்கிரிப்டும் அவ்வளவுதான். சராசரி எடுக்கும் வேலை நம்பையில் ஒற்றை வரி. பைத்தானே வேண்டாம் என்பவர்கள் எஃப்எஃப்எம்பெக் என்ற கருவியில் ஒரே கட்டளையில் முடிக்கலாம்: விநாடிக்கு ஒரு படம் எடு, ஒவ்வொன்றையும் ஒற்றைப் பிக்சல் அகலத்துக்குச் சுருக்கு, பக்கம் பக்கமாக ஒட்டு. ஆனால் கற்றுக்கொள்ள நினைப்பவர் பைத்தானில் எழுதுவதே நல்லது. கட்டளை வேலையை முடித்துக் கொடுத்துவிடும், சராசரி என்ன செய்தது என்று யோசிக்க விடாது. யோசிக்க வேண்டிய இடமே அதுதான்.

“எல்லாம் ஒரே மண் கலரா வருதே, அண்ணே?”

முதல் பட்டையைப் போட்டுப் பார்க்கிற தம்பிகள் எல்லோரும் கேட்கிற கேள்வி இது. அத்தனை சிவப்பும் பச்சையும் மஞ்சளும் ஊற்றினார்களே, பட்டையில் காணோமே, பழுப்பாக ஒரு தீற்றல்தானே இருக்கிறது?

கணக்கைப் பார்த்தால் புரியும். அச்சில் பாதி சிவப்பு, பாதி பச்சை என்று கொள்வோம். சிவப்பின் எண்கள் 200, 30, 40. பச்சையின் எண்கள் 40, 150, 60. சராசரி 120, 90, 50. இந்த மூன்றையும் எந்தப் படம் வரையும் செயலியிலும் போட்டுப் பாருங்கள், செம்மண் கலந்த ஒரு பழுப்பு வரும். கல்லில் அந்த நிறம் எங்கேயுமே இல்லை. யாரும் ஊற்றவில்லை. சராசரி நிறம் என்பது பெரும்பாலும் காட்சியில் எந்த இடத்திலும் இல்லாத நிறம்தான்.

அப்படியானால் சராசரிப் பட்டை வீணா? இல்லை. அது “என்ன நிறம்” என்ற கேள்விக்கு மோசமான பதில் சொல்லும், “எப்போது மாறியது” என்ற கேள்விக்கு நல்ல பதில் சொல்லும். பூக்கல் பட்டையில் வண்ணம் ஊற்றும் பகுதி பழுப்பாகத் தெரிந்தாலும், சாம்பல் தூள் விழுந்த இடத்தில் பழுப்பு வெட்டினாற்போல நின்று சாம்பல் தொடங்கும். கண்ணாடி பிரியும் இடத்தில் பழுப்பு திரும்பி வரும். அந்த இரண்டு எல்லைகளும் தெளிவாகக் கிடைத்துவிடும். வீடியோவில் காட்சி மாறும் இடங்களைத் தேடுகிறவருக்கு அது போதும். சேலையின் நிறம் என்ன என்று கேட்கிறவருக்குப் போதாது. கேள்வியை முதலில் முடிவுசெய்துவிட்டுத்தான் சுருக்கும் முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இதைச் செய்யாததால்தான் இணையத்தில் பாதிப் பட்டைகள் காப்பித்தூள் நிறத்தில் கிடக்கின்றன.

இன்னொன்று. மேலிருந்து எடுத்த படத்தில் கல் மட்டுமா இருக்கும்? வேலை செய்பவரின் கை, சுற்றியுள்ள மண்தரை, பக்கத்தில் கிடக்கும் வண்ண வாளி எல்லாம் இருக்கும். கல் படத்தின் கால்வாசி இடத்தைத்தான் பிடித்திருக்கிறது என்றால் சராசரியில் முக்கால் பங்கு மண்தரையினுடையது. கேமராவை ஸ்டாண்டில் அசையாமல் வைத்து எடுத்திருந்தால், கல் இருக்கும் சதுரத்தை மட்டும் வெட்டி எடுத்துச் சராசரி பார்க்கலாம். எந்த வரிசையிலிருந்து எந்த வரிசை வரை, எந்தப் பத்தியிலிருந்து எந்தப் பத்தி வரை என்று நான்கு எண் கொடுத்தால் நம்பை வெட்டித் தந்துவிடும். கையில் பிடித்து எடுத்த வீடியோ என்றால் இந்த வசதி கிடையாது.

இருக்கிற நிறங்களையே காட்ட வேண்டுமானால்

சராசரிக்குப் பதிலாக, படத்தில் அதிக இடம் பிடித்திருக்கும் நான்கைந்து நிறங்களைக் கண்டுபிடிக்கலாம். இதற்குக் கே மீன்ஸ் என்ற முறை பெயர்பெற்றது. முதலில் குத்துமதிப்பாக ஐந்து நிறங்களை எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு பிக்சலும் தனக்கு மிக நெருக்கமான நிறத்தின் கூட்டத்தில் சேரும். ஒவ்வொரு கூட்டத்தின் சராசரியும் அந்தக் கூட்டத்தின் புது நிறம் ஆகும். பிக்சல்கள் மறுபடி கூட்டம் மாறும். மாறுவது நின்றதும் ஐந்து நிறங்கள் கையில் இருக்கும். இங்கேயும் சராசரிதான் வேலை செய்கிறது, ஆனால் சிவப்பைச் சிவப்போடும் பச்சையைப் பச்சையோடும் மட்டுமே சேர்த்து எடுப்பதால் மண் நிறம் வருவதில்லை.

இருபது லட்சம் பிக்சலுக்கும் இதைச் செய்தால் கம்ப்யூட்டர் மூச்சுத் திணறும். படத்தை முதலில் 100 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கிவிட்டால் சுமார் 5,600 பிக்சல்தான், விடையில் பெரிய வித்தியாசம் வராது. பிறகு ஒவ்வொரு கோட்டையும் ஒரே நிறமாகப் பூசாமல் ஐந்து துண்டுகளாகப் பிரித்து, எந்த நிறம் எத்தனை பங்கோ அத்தனை உயரம் கொடுத்துப் பூச வேண்டும்.

இதில் ஒரு தொந்தரவு உண்டு. ஒவ்வொரு படத்துக்கும் கே மீன்ஸ் தனித்தனியே ஓடுவதால், இந்தப் படத்தில் முதலில் வந்த சிவப்பு அடுத்த படத்தில் மூன்றாவதாக வரலாம். பட்டை முழுக்க நிறங்கள் மேலும் கீழும் குதிக்கும். வெளிச்சம் குறைந்ததிலிருந்து கூடியது வரை என்று வரிசைப்படுத்தி ஓரளவு சமாளிக்கலாம். அதைவிட நல்ல வழி, வீடியோ முழுவதிலிருந்தும் ஐம்பது நூறு படங்களை எடுத்து, அவற்றின் பிக்சல்களை ஒன்றாகக் கொட்டி, ஒரே ஒருமுறை கே மீன்ஸ் ஓட்டி ஒரு பொது நிறப் பட்டியல் தயாரிப்பது. அப்புறம் ஒவ்வொரு படத்திலும் அந்தப் பட்டியலில் உள்ள எந்த நிறம் எத்தனை பங்கு என்று எண்ணினால் போதும். பூக்கல் வீடியோவுக்கு என்னைக் கேட்டால் இதுதான் பொருத்தம். சிவப்பு அறை நிரம்பும்போது சிவப்புத் துண்டு வளர்வதும், மஞ்சள் சேர்வதும், தூள் விழுந்ததும் சாம்பல் எல்லாவற்றையும் விழுங்குவதும் தனித்தனியே தெரியும்.

நிறத்தை மட்டும் தனியாகப் பிரித்து, அதாவது சிவப்பா மஞ்சளா என்பதை ஒரே எண்ணால் சொல்லும் ஹெச்எஸ்வி முறையில் சராசரி எடுக்கலாமே என்று சிலருக்குத் தோன்றும். எடுக்காதீர்கள். அந்த முறையில் நிறங்கள் ஒரு வட்டத்தில் இருக்கின்றன. ஓப்பன்சிவியில் அந்த வட்டம் 0 முதல் 179 வரை. சிவப்பு இரண்டு முனையிலும் இருக்கிறது. 2 என்பதும் சிவப்பு, 178 என்பதும் சிவப்பு. இரண்டின் சராசரி 90. அது நீலப்பச்சை. நெற்றி நிறையக் குங்குமம் வைத்த முகத்தை எடுத்தால் பட்டையில் பாசி படர்ந்து நிற்கும்.

நடந்துபோகிற வீடியோவுக்கு வேறு முறை

பூக்கல்லை விட்டு வீட்டுக்குள் வருவோம். செட்டிநாட்டு வீடுகளில் முகப்பில் நின்றால் வாசலுக்கு நேர் வாசலாகப் பின்கட்டு வரை பார்வை ஓடும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ அப்படி ஒரு வீட்டில் போனை நேராகப் பிடித்துக்கொண்டு முகப்பிலிருந்து பின்கட்டு வரை ஒரே மூச்சில் நடந்து எடுத்த வீடியோ இருக்கிறது என்று கொள்வோம். முகப்பு நிழல், வளவில் திறந்த வானத்தின் வெயில், அடுத்த கட்டின் இருட்டு, மறுபடி ஒரு முற்றம், மறுபடி வெயில்.

சராசரிப் பட்டையே இதற்கு நன்றாக வரும், வெளிச்சமும் நிழலும் மாறி மாறி. ஆனால் ஒரு சின்ன மாற்றம் செய்தால் இன்னும் நிறையக் கிடைக்கும். படம் முழுவதையும் ஒரே நிறமாக்காமல், அகலவாட்டில் மட்டும் சுருக்க வேண்டும். ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு சராசரி. படம் 1 பிக்சல் அகலமும் 1,080 பிக்சல் உயரமும் கொண்ட ஒரு கோடாகிவிடும், மேல் கீழ் கலையாது. நம்பையில் சராசரி எடுக்கும் அதே வரியில் எந்தத் திசையில் எடுப்பது என்று ஒரு எண்ணைச் சேர்த்தால் முடிந்தது.

இப்போது பட்டையின் மேல்பகுதியில் தேக்கு உத்தரங்களின் கரும்பழுப்பு ஓடும். நடுவில் சுண்ணாம்புச் சுவரின் வெள்ளை. கீழே தரையின் சிவப்போ மஞ்சளோ. வளவு வந்ததும் மேலே பழுப்பு அறுந்து வானம் தெரியும். தூண்களைக் கடக்கும்போது சுவரின் வெள்ளையில் கறுப்புக் கலங்கல் விழும். ஒரு கட்டில் ஆத்தங்குடிக் கல், அடுத்த கட்டில் வெளிநாட்டுச் சலவைக்கல் என்று தரை மாறினால் அடிப்பகுதி மட்டும் நிறம் மாறும், மேலே ஒன்றும் ஆகாது. முழுச் சராசரியில் இந்த விவரம் அத்தனையும் கரைந்துபோயிருக்கும். மேலிருந்து நேர் கீழாக எடுத்த பூக்கல் வீடியோவில் மேல் கீழ் என்பதற்குப் பொருள் இல்லை, அங்கே இந்த முறை வேண்டாம். தேரோட்டம், சந்தை, வீடு போன்ற நின்று பார்க்கும் காட்சிகளுக்கு நான் எப்போதும் இதைத்தான் முதலில் போட்டுப் பார்ப்பேன்.

ஆனால் இங்கே போன் ஒரு வேலை செய்யும். வெயிலுக்குள் வந்ததும் தானாக வெளிச்சத்தைக் குறைக்கும், இருட்டுக்குள் போனதும் கூட்டும். குண்டு பல்பின் மஞ்சள் ஒளிக்கும் பகல் வெளிச்சத்துக்கும் ஏற்ப வெள்ளை எது என்பதையும் தானே மாற்றிக்கொள்ளும். பல்பின் நிறவெப்பம் (ஒளி மஞ்சள் பக்கமா நீலப் பக்கமா என்று சொல்லும் அளவு) சுமார் 2,700 கெல்வின், நடுப்பகல் வெளிச்சம் 5,500ஐத் தாண்டும், வித்தியாசம் கொஞ்சமில்லை. நம் கண்ணும் இதையேதான் செய்கிறது என்பதால் வீடியோ பார்க்கும்போது உறுத்தாது. பட்டையில் உறுத்தும். வாசலைத் தாண்டியதும் ஒரு நொடி வெளுத்து, பிறகு மெல்ல நிதானத்துக்கு வரும் அந்தச் சரிவு வீட்டினுடையது அல்ல, கேமராவினுடையது. வீட்டின் வெளிச்சத்தைப் பட்டையாக்க வேண்டுமானால் எடுக்கும்போதே வெளிச்சத்தையும் வெள்ளை நிறத்தையும் பூட்டிவிட வேண்டும். பெரும்பாலான போன்களில் திரையில் விரலை அழுத்திப் பிடித்தால் வெளிச்சம் பூட்டிக்கொள்ளும். வெள்ளை நிறத்தைப் பூட்டுவதற்குக் கேமரா அமைப்புகளில் தேட வேண்டியிருக்கலாம். பூட்டினால் வளவு முழுக்க வெளுத்தோ, உள்கட்டு முழுக்கக் கறுத்தோ போகும் என்பதும் உண்மைதான். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கத்தான் வேண்டும்.

தடுக்கிவிடும் இடங்கள்

பட்டையில் சிவப்பெல்லாம் நீலமாக வந்தால் பயப்பட வேண்டாம். ஓப்பன்சிவி நிறங்களை நீலம், பச்சை, சிவப்பு என்ற வரிசையில் வைக்கிறது. மற்றவை பெரும்பாலும் சிவப்பு, பச்சை, நீலம். ஓப்பன்சிவியில் திறந்து ஓப்பன்சிவியிலேயே சேமித்தால் பிரச்சினை இல்லை. இடையில் பில்லோ போன்ற வேறு தொகுப்பு வந்தால் வரிசையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

செட்டிநாட்டு வீடுகளில் எடுத்த சினிமாக் காட்சிகளைப் பட்டையாக்கிப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் மேலும் கீழும் உள்ள கறுப்புப் பட்டிகளைக் கவனிக்க வேண்டும். 2.35க்கு 1 என்ற அகலத்திரைப் படம் ஃபுல் ஹெச்டி சட்டத்துக்குள் 817 வரிகளைத்தான் பிடிக்கும். மிச்சம் 263 வரி வெறும் கறுப்பு, கிட்டத்தட்ட கால்வாசி. அதையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் படம் முழுவதும் கால்பங்கு மங்கிவிடும். வெட்டிவிட்டுத்தான் கணக்கு. 1940களில் ஏ.வி.எம். ஸ்டூடியோ காரைக்குடியில் தேவகோட்டை ரஸ்தாவில் இயங்கிய காலத்துக் கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு மூன்று எண்ணே தேவையில்லை, வெளிச்சம் என்ற ஒரே எண் போதும். பகல் காட்சி, இரவுக் காட்சி, பாட்டுக்கு வெட்டிய வேகம் எல்லாம் அதிலேயே தெரியும்.

நீளமான வீடியோவில் ஸ்கிரிப்ட் ஊர்ந்தால் காரணம் படங்களைத் தேடிப் போகும் விதம். வீடியோக் கோப்பில் எல்லாப் படமும் முழுதாக இருப்பதில்லை. அவ்வப்போது ஒரு முழுப் படம், அதன்பின் முந்தையதிலிருந்து என்ன மாறியது என்ற குறிப்பு மட்டும். ஆகவே நேராக 9,000ஆவது படத்துக்குத் தாவச் சொன்னால், அதற்கு முந்தைய முழுப் படத்தைக் கண்டுபிடித்து அங்கிருந்து ஒவ்வொன்றாகக் கட்டிக்கொண்டு வரும். ஒன்பது படத்துக்கு ஒன்று எடுக்கும்போது தாவுவதைவிட வரிசையாக ஓட்டி வேண்டாததை விட்டுவிடுவதே வேகம். மூன்று மணி நேரக் கல்யாண வீடியோவில் ஆறு விநாடிக்கு ஒன்று என்றால், அதாவது 2,70,000 படங்களில் 1,800 மட்டும் எடுத்தால், தாவுவது லாபமாகலாம். இரண்டையும் ஓட்டிப் பார்த்து வேகமானதை வைத்துக்கொள்ளுங்கள்.

போன் வீடியோக்களில் விநாடிக்கு 30 என்பதும் பேச்சுக்குத்தான். வெளிச்சம் குறைந்தால் போன் சத்தமில்லாமல் குறைவான படங்களை எடுக்கும். அப்போது படங்களை எண்ணிப் போட்ட பட்டைக்கும் கடிகாரத்துக்கும் பொருந்தாது. பட்டைக்குக் கீழே நிமிடக் குறிகள் போட நினைத்தால், ஒவ்வொரு படத்தோடும் வரும் நேரத்தைக் கேட்டு வாங்கி அதன்படி கோடு போட வேண்டும். புதுப் போன்களில் ஹெச்டிஆர் என்ற வசதியோடு எடுத்த வீடியோ பட்டையில் வெளிறித் தெரிந்தாலும் ஸ்கிரிப்ட் மேல் சந்தேகப்பட வேண்டாம், அந்த வசதியை அணைத்துவிட்டு எடுப்பது சுலபம்.

கடைசியாகக் கொஞ்சம் நுட்பமான ஒன்று, அவசரம் என்றால் தாண்டிப்போகலாம். 0 முதல் 255 வரையிலான எண்கள் வெளிச்சத்தின் நேரடி அளவு அல்ல, கண்ணுக்கு ஏற்ப வளைத்து எழுதியவை. கறுப்பும் வெள்ளையும் கட்டம் கட்டமாகப் பதித்த தரையைச் சராசரி எடுத்தால் 127 வரும். ஆனால் உண்மையில் அந்தத் தரை தூரத்திலிருந்து தரும் பாதி வெளிச்சத்தைக் குறிக்கும் எண் 188. அதனால்தான் பட்டைகள் நாம் நினைப்பதைவிடக் கொஞ்சம் இருண்டு தெரிகின்றன. சரிசெய்ய, எண்களை வெளிச்ச அளவாக மாற்றி, சராசரி எடுத்து, மறுபடி திருப்ப வேண்டும். பார்த்து ரசிக்கும் பட்டைக்கு இது தேவையில்லை. இரண்டு வீடியோக்களை ஒப்பிடும் வேலைக்கு இரண்டிலும் ஒரே முறையைப் பின்பற்றினால் போதும்.

ஒப்பிடுவது என்றதும் ஞாபகம் வருகிறது, இந்தப் பட்டை உண்மையிலேயே காசு மிச்சம் பிடிக்கும் இடம் கல்யாண வீடியோதான். திருப்பூட்டும்போது, அதாவது தாலி கட்டும்போது, வளவில் இரண்டு கேமராக்கள் நிற்கும். ஒன்று மஞ்சளாக எடுத்திருக்கும், ஒன்று நீலமாக. எந்தெந்த இடத்தில் எவ்வளவு என்று முழுதும் ஓட்டிப் பார்க்க யாருக்கு நேரம்? இரண்டு வீடியோவுக்கும் பட்டை போட்டு ஒன்றின்கீழ் ஒன்று வையுங்கள். நேரத்தைப் பொருத்துவதற்குக் கெட்டிமேளம் இருக்கவே இருக்கிறது, இரண்டு ஒலிப்பதிவிலும் அந்த இடம் தூக்கலாகத் தெரியும். பட்டைகள் ஒத்துப்போகும் பகுதியை விட்டுவிடலாம். விலகும் பகுதிக்குப் போய், மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டியில் ஒரு துண்டை மட்டும் வெட்டிச் சராசரி பாருங்கள். வெள்ளை என்றால் மூன்று எண்களும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். ஒரு கேமரா 235, 225, 195 என்று சொல்கிறது என்றால் நீலம் குறைந்திருக்கிறது. பச்சையை அளவாக வைத்துச் சிவப்பை 225/235ஆலும் நீலத்தை 225/195ஆலும் பெருக்கினால் தோராயமாகச் சரியாகும். அடுத்த கேமராவின் வேட்டிக்கும் இதையே செய்துவிட்டு, இரண்டு பட்டைகளையும் மறுபடி போட்டு ஒத்துப்பாருங்கள். இன்னும் விலகல் இருந்தால் அது பெரும்பாலும் வீடியோ விளக்கு ஒரு பக்கம் மட்டும் அடித்த இடமாக இருக்கும், அதை எடிட்டிங்கில் கையால்தான் சரிசெய்ய வேண்டும்.